அடி தாங்கும் கான்கிரீட்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, பெங்களூரின் நான்கு மூலைகளிலிருந்து வந்தவை என்றாலும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பீன்யாவில் சிறிய ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கிறேன். டை பிளாக்குகளை, அதாவது பழுத்த இரும்பை அடித்து உருவாக்கும் எஃகு அச்சுகளை, இறக்கிவைக்கும் இடத்தில் தரை அடிக்கடி உடைந்துகொண்டிருந்தது. பழைய தளம் எம் 25, கனம் 150 மில்லிமீட்டர். சென்ற ஆண்டு அதைப் பெயர்த்துவிட்டு அதே கனத்தில் எம் 50 போட்டோம். கியூப் சோதனையில் வலிமை 50-க்கு மேலேயே இருந்தது. இருந்தும் எட்டு மாதத்துக்குள், 40 கிலோ எடையுள்ள டை ஒன்று இடுப்பு உயரத்திலிருந்து நழுவி விழுந்ததில் ஒரு மூலை இரண்டடி நீளத்துக்கு நேராகப் பிளந்துவிட்டது. வலிமையை இரட்டிப்பாக்கியும் ஏன் இப்படி? கான்கிரீட் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?
(பட்டறை உரிமையாளர், பீன்யா)

பதில்: அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதில்தான் கோளாறு.

எம் 25, எம் 50 என்ற எண்கள் குறிப்பது, 150 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்று 28 நாள் கழித்து, மெல்ல மெல்ல ஏற்றப்படும் அழுத்தத்தை எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே. சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன், 50 நியூட்டன் என்பது அதன் பொருள். உங்கள் தளமோ நசுங்கவில்லை, வளைந்து பிளந்தது. வளைவைத் தாங்கும் வலிமை, இந்தியத் தரநிலை 456-இன்படி, அழுத்த வலிமையின் வர்க்கமூலத்தை 0.7-ஆல் பெருக்கினால் வருவது. எம் 25-க்கு அது 3.5, எம் 50-க்கு 4.95. விலையில் நீங்கள் இரட்டிப்பு வலிமைக்குப் பணம் கட்டினீர்கள், ஆனால் உங்களுக்குத் தேவைப்பட்ட இடத்தில் கிடைத்தது ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். அதிலும் ஒரு பகுதி கைக்கு எட்டுவதில்லை, ஏனெனில் வலிமை கூடிய கான்கிரீட் விறைப்பும் கூடியது. விறைப்பான பொருளின்மேல் விழும் எடை குறைந்த தொலைவில், குறைந்த நேரத்தில் நிறுத்தப்படுவதால், அதே வீழ்ச்சி அதைவிடப் பெரிய விசையாக மாறுகிறது. மெத்தையில் விழுந்தவனுக்கும் திண்ணையில் விழுந்தவனுக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இன்னொரு வழியாகவும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு இதுவே கூடுதல் பிடித்த வழி. 40 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது ஏறத்தாழ 390 ஜூல் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அந்த ஆற்றல் எங்கேயாவது செலவாகியே தீர வேண்டும்: கொஞ்சம் விழுந்த இடத்தைப் பொடியாக்குவதில், கொஞ்சம் தளத்தையும் அடிமண்ணையும் அதிரவைப்பதில், மீதி விரிசலைத் திறப்பதில். நாரில்லாத சாதாரணக் கான்கிரீட்டில் ஒரு சதுர மீட்டர் விரிசல் முகத்தைத் திறக்க நூறிலிருந்து நூற்றைம்பது ஜூல் வரை போதும். உங்கள் மூலையில் உண்டான விரிசல் இரண்டடி நீளம், 150 மில்லிமீட்டர் ஆழம். பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் திறக்கத் தேவைப்பட்டது வெறும் 13 ஜூல் அளவுதான். 390 ஜூலோடு வந்த விருந்தாளிக்கு 13 ஜூல் பூட்டு! அந்தப் பூட்டையும் எம் 50 பெரிதாக மாற்றிவிடுவதில்லை. பரவலாகப் பயன்படும் ஐரோப்பிய மாதிரி விதி ஒன்றின்படி, அழுத்த வலிமையை இரட்டிப்பாக்கினால் இந்த முறிவு ஆற்றல் எட்டில் ஒரு பங்கு அளவே கூடுகிறது.

எஃகு நார், கடைக்காரர் சொல்லும் ஸ்டீல் ஃபைபர், இந்தக் கணக்கைத்தான் தலைகீழாக்குகிறது. முனை வளைந்த 60 மில்லிமீட்டர் நீள, முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நார் கிலோவுக்கு ஏறத்தாழ 4,800 வரும். கன மீட்டருக்கு 35 கிலோ சேர்த்திருந்தால், உங்கள் மூலையில் திறந்த அந்த ஒரு விரிசலின் குறுக்கே மட்டும் 400-க்கும் மேற்பட்ட நார்கள் நின்றிருக்கும். விரிசல் அகல வேண்டுமானால் ஒவ்வொரு நாரையும் அதன் குழியிலிருந்து இழுத்தாக வேண்டும்; வளைந்த முனை நிமிர வேண்டும்; நிமிர்ந்த பிறகும் உராய்ந்துகொண்டே வர வேண்டும். சுவரில் இறங்கிய ஆணியைப் பிடுங்கியவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். இதனால் விரிசலைத் திறக்கும் ஆற்றல் பன்மடங்காகிறது. இருபது மடங்கு என்று குறைத்தே கொண்டாலும் 13 ஜூல் 260 ஜூல் ஆகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் மயிரிழை விரிசலை இந்த அளவு நார் பெரிதாகத் தள்ளிப்போடாது. கியூப் சோதனையிலும் அதன் பயன் தெரியாது; நார் போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒரே எண்ணையே காட்டும். விரிந்த பிறகு துண்டு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. விரிசல் வந்துவிட்டதே என்று அடுத்த முறை எனக்கு எழுதாதீர்கள். மூலை பெயர்ந்ததா என்று பாருங்கள்.

மூலை ஏன் முதலில் போனது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கலாம். எம் 50-இல் சிமென்ட் மிகுதி. சிமென்ட் மிகுந்தால் உலரும்போது சுருக்கமும் மிகுதி. மேல்முகம் அடிமுகத்தைவிட விரைவாக உலர்வதால் தளத்தின் ஓரங்களும் மூலைகளும் அப்பளம்போல மேலெழும்பும். அடியில் தாங்க மண் இல்லாமல் தொங்கும் மூலையில்தான் உங்கள் டை விழுந்திருக்கக்கூடும். உடையாமல் இருக்கும் மற்ற மூலைகளைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நடுத்தளத்தில் "ணங்" என்று கேட்பது மூலையில் "பொத்" என்று கேட்டால் அங்கே வெற்றிடம் இருக்கிறது. அதைச் சிமென்ட் குழம்பு செலுத்தி நிரப்பாமல் எந்த நாரும் பயன் தராது.

திரும்பப் போடும்போது எம் 35 அல்லது எம் 40 போதும்; மிச்சப்படும் பணத்தைக் கன மீட்டருக்கு 30 முதல் 40 கிலோ எஃகு நாருக்கும், கனத்தை 200 மில்லிமீட்டராக்குவதற்கும் செலவிடுங்கள். வளைவுக்கு எதிரான தாங்குதிறன் கனத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 150-ஐ 200 ஆக்குவதே முக்கால் பங்குக்கு மேல் கூடுதலைத் தந்துவிடும். இன்னொன்று, சற்றே பழைய யோசனை: ஊரில் கொல்லர் உலைக்களத்தில் பட்டடைக் கல்லை வெறுந்தரையில் வைக்கமாட்டார்கள், பருத்த மரக்கட்டையில் பதித்திருப்பார்கள். டை இறக்கும் ஆறடி இடத்தில் மட்டும் ரப்பர் பாயின்மேல் ஓர் எஃகுத் தகடு போட்டுவிட்டால், தளத்துக்குப் போய்ச் சேரும் அடியின் கூர்மை பாதியிலேயே மழுங்கிவிடும்.

கேள்வி: வணக்கம் சார். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் முதுகலை படிக்கிறேன். எம் 30, எம் 60 ஆகிய இரண்டு கலவைகளிலும் எஃகு நார் இல்லாமலும், கன அளவில் 0.5, 1 விழுக்காடு சேர்த்தும் வட்டுகள் வார்த்து, எடை விழும் சோதனை செய்தேன். ஒரே கலவையில் வார்த்த ஆறு வட்டுகளில் ஒன்று மற்றொன்றைப்போல இரண்டரை மடங்கு அடிகளைத் தாங்குகிறது. வழிகாட்டி, கவனக்குறைவு என்கிறார். மேலும் எம் 60-இல் நாரின் பயன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எங்கே தவறு?
(மாணவி, பெங்களூரு)

பதில்: உங்கள் வழிகாட்டியின்மேல் மரியாதை குறையாமல் சொல்கிறேன்: அந்தச் சிதறல் அந்தச் சோதனைக்கே உரியது. பிற வாசகர்களுக்காகச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 544-ஆம் குழு வகுத்த முறை இது. ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் விட்டமும் 63.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டின் நடுவில் ஓர் எஃகுக் குண்டை வைத்து, அதன்மேல் 4.54 கிலோ சுத்தியலை 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஓர் அடிக்கு 20 ஜூல் அளவு. கண்ணுக்கு முதல் விரிசல் தெரியும் அடியையும், வட்டு விரிந்து சுற்றிலும் உள்ள நான்கு முளைகளில் மூன்றைத் தொடும் அடியையும் எண்ணிக்கொள்வார்கள்.

குண்டு சரியாக ஒரு ஜல்லியின்மேல் அமர்ந்ததா, இரண்டு ஜல்லிக்கு இடையில் சாந்தின்மேல் அமர்ந்ததா என்பதே முதல் விரிசலின் அடி எண்ணிக்கையை மாற்றிவிடும். நார்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன, அடிப்பகுதியில் எத்தனை தங்கின என்பதும் வட்டுக்கு வட்டு வேறு. நான் இளைஞனாக இருந்தபோது, ஒரு சோதனைக்கூடத்தில் காலை முழுவதும் இந்தச் சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மதியம் எண்களைப் பார்த்து, நாமே எண்ணத் தவறிவிட்டோமோ என்று ஐயுற்றது நினைவிருக்கிறது. ஆறு வட்டு போதாது. முடிந்தால் பன்னிரண்டாவது வாருங்கள். சராசரியை மட்டும் எழுதி வேலையை முடித்துவிடாமல் ஒவ்வொரு வட்டின் எண்ணையும் அட்டவணையில் கொடுங்கள். முதல் விரிசலுக்கும் முறிவுக்கும் இடையிலான அடிகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். நாரின் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாரில்லாத வட்டில் அந்த இடைவெளி ஓரிரண்டு அடிக்குள் முடிந்துவிடுவதையும், நார் உள்ளதில் நீண்டுகொண்டே போவதையும் உங்கள் எண்களே காட்டும்.

எம் 60 பற்றிய உங்கள் கேள்வி இன்னும் சுவையானது. கியூப் சோதனையில் கான்கிரீட்டுக்கு மூன்று நான்கு நிமிட அவகாசம் கொடுக்கிறோம். சுத்தியல் அடியில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஏற்றும் வேகம் கூடினால் கான்கிரீட்டின் வலிமை கூடுவதாகத் தெரியும் என்பதை 1917-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் காட்டினார். மெதுவான ஏற்றத்தில் விரிசல், ஜல்லியைச் சுற்றி, ஜல்லியும் சாந்தும் சேரும் ஒட்டுமுகத்தின் வழியாகச் சுலபமான பாதையைத் தேடிப்போகும்; அடி விழும்போது அதற்கு நேரமில்லை, ஜல்லியையே பிளந்துகொண்டு குறுக்கு வழியில் ஓட வேண்டியிருக்கிறது; அதற்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. வலிமை மிகுந்த கலவையில் சாந்தும் ஒட்டுமுகமும் ஜல்லிக்கு நிகராக உறுதியாக இருப்பதால் மெதுவான ஏற்றத்திலேயே விரிசல் ஜல்லியை வெட்டிக்கொண்டுதான் போகிறது. ஆகவே வேகத்தால் கிடைக்கும் கூடுதல் பலன் எம் 30-க்குக் கிடைக்கும் விகிதத்தில் எம் 60-க்குக் கிடைப்பதில்லை.

ஆனால் உங்கள் முடிவுக்கு முக்கியக் காரணம் வேறாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். உடைந்த வட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு கைலென்ஸை எடுத்துக்கொண்டு விரிசல் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நார்களைப் பாருங்கள். எம் 30 துண்டில் நீட்டிக்கொண்டிருப்பவை நீளமாகவும், வளைமுனை நிமிர்ந்தும், பக்கங்கள் உராய்ந்து மினுங்கியும் இருக்கும். அவை இழுபட்டு வந்தவை. எம் 60 துண்டில் குட்டையாக, நுனி கூம்பி, ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல நின்றால், அவை இழுபடாமல் அறுந்தவை. உறுதியான சாந்து நாரை அளவுக்கு மீறி இறுகப் பிடித்துக்கொள்ள, பிடியைவிடக் கம்பி தளர்ந்ததாக இருந்தால் கம்பி அறுந்துவிடும். அறுந்த நார் மேற்கொண்டு ஆற்றலை வாங்காது. பிடிவாதமாகப் பிடிப்பதைவிட, விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடிப்பதுதான் இங்கே வேண்டியது. நீங்கள் வாங்கிய நாரின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டனை ஒட்டியதாக இருந்தால் எம் 30-க்கு அது பொருந்தும். எம் 60-க்கு அதைவிட வலுவான கம்பியால் ஆன நாரைத் தேட வேண்டும். கான்கிரீட்டின் வலிமையையும் நாரின் வலிமையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை உங்கள் ஆய்வேட்டின் மையக் கருத்தாகவே வைக்கலாம். நெருங்கி நிற்கும் கம்பிகள் விரிசலை ஓடவிடாமல் தடுக்கும் என்று 1963-இல் ரோமுவால்டி, பாட்சன் என்ற ஆய்வாளர்கள் எழுதிய நாளிலிருந்து பேசப்பட்டுவரும் துறை இது. ஆயினும் உடைந்த முகத்தைக் கண்ணால் பார்க்காமல் எண்களை மட்டும் வரைபடமாக்கும் ஆய்வேடுகள் இன்றும் குறையவில்லை.

கேள்வி: ஐயா, நான் தருமபுரிக்காரன், ஓசூர் ரோடு பக்கம் இருபது வருடமாக மேஸ்திரி வேலை. ஒரு கிரானைட் பாலிஷ் ஃபாக்டரிக்குத் தளம் போடச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் 900 கிராம் பொட்டலத்தில் வெள்ளை ஃபைபர் கொடுத்து, ஒரு கன மீட்டருக்கு ஒன்று போட்டால் கல் விழுந்தாலும் உடையாது, கம்பியும் வேண்டாம் என்கிறார். நம்பலாமா? ஸ்டீல் ஃபைபர் போட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்கிறது, அதற்கு என்ன செய்வது?
(மேஸ்திரி, ஜிகணி)

பதில்: பாதியை நம்பலாம். அந்தப் பொட்டலத்தில் இருப்பது பாலிபுரொப்பிலீன் மென்னார். தலைமுடியைவிட மெல்லியது சில. போட்ட முதல் சில மணி நேரத்தில், அதிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெங்களூரின் வறண்ட காற்று மேல்முகத்து ஈரத்தை உறிஞ்சும்போது வரும் சன்னவெடிப்புகளை அது நன்றாகத் தடுக்கும். அடி தாங்குவதிலும் சிறிதளவு உதவும். ஆனால் 900 கிராம் என்பது கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கான்கிரீட் இறுகிய பிறகு, கிரானைட் பலகையின் முனை வந்து குத்தும்போது விரிசலை இழுத்துப் பிடிக்க அந்த மெல்லிய, எளிதில் நீளும் இழைகளால் ஆகாது. எஃகு நாரும் இந்தப் பொட்டலமும் செய்யும் வேலைகள் வேறு வேறு. பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள்.

கம்பி வேண்டாம் என்ற பேச்சைத் தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்ணின்மேல் படுத்திருக்கும் தளத்தில், பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தால், எஃகு நார் வெல்டட் மெஷ் என்னும் பற்றவைத்த கம்பி வலைக்கு மாற்றாகலாம். தூக்கி நிற்கும் மாடித் தளத்திலோ பீமிலோ நார் இருக்கிறது என்று கம்பியைக் குறைத்தால் அது பெரும் ஆபத்து.

உருண்டை கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். மூட்டையோடு கவிழ்க்காமல், மிக்சர் முழு வேகத்தில் சுழலும்போது, ஜல்லியும் மணலும் நனைந்த பிறகு, தூவுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். போட்டு முடித்தபின் இன்னும் ஐந்து நிமிடமாவது சுழல வேண்டும். நீரில் கரையும் பசையால் சீப்புபோல ஒட்டியிருக்கும் வகையை வாங்கினால் தொல்லை பாதி குறையும். நார் போட்டவுடன் கலவை இறுகினதுபோலத் தெரியும். அப்போது ஆள் ஓடிப்போய் பக்கெட் தண்ணீர் ஊற்றுவார். அதை மட்டும் விடாதீர்கள்; கலவை ஓட வேண்டுமானால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைக் கூட்டச் சொல்லுங்கள். மேல்முகத்தில் துருத்தும் நார்கள் சில நாளில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். உள்ளே உள்ள நார்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து செல்லாததால் துரு பரவாது. ஆனால் முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பழி உங்கள்மேல் விழும். வெறுங்காலோடு எவரையும் அதன்மேல் நடக்கவிடாதீர்கள். நீராற்றுதல் பத்து நாளுக்குக் குறையக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டுப் போர்டிகோ தளத்தின்மேல் பக்கத்துத் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்துகொண்டே இருக்கிறது. கீழ்ப்பக்கத்துப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்துவிட்டது. தளம் உடைந்துவிடுமா? மட்டையோடு விழும் தேங்காய் உடையாததற்கு நார்தான் காரணம் என்றால், கான்கிரீட்டில் நார் செய்வதும் அதைத்தானா?
(இல்லத்தரசி, அல்சூர்)

பதில்: இரண்டு கிலோ தேங்காய் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 196 ஜூல், பீன்யா நண்பரின் டையில் பாதி. ஆனாலும் டை செய்ததைத் தேங்காய் செய்யாது. மட்டை நசுங்கிக்கொண்டே நிற்பதால் அடி நேரத்தில் நீண்டு, பரப்பில் அகன்று, விசை வெகுவாகக் குறைகிறது. ஆகவே தேங்காயின் நார் வெளியே மெத்தையாக இருந்து அடியை மழுக்குகிறது. கான்கிரீட்டின் நார் உள்ளே தையலாக இருந்து, பிளந்ததைப் பிரியவிடாமல் வைக்கிறது. மண்சுவருக்குக் குழைத்த வைக்கோலோடு ஒப்பிட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

கடினமான பொருள், எடுத்துக்காட்டாக ஓர் இரும்புத் துண்டு, விழுந்தால் கதை வேறு. அடியின் அழுத்த அலை கான்கிரீட்டில் நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, அடிமுகத்தை எட்டி, அங்கே இழுவிசை அலையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டுக்கு இழுவிசை ஆகாது என்பதால் மேலே சிறு குழியும் கீழே பெரிய உதிர்வுமாக முடியும். நார் மேற்குழியின் ஆழத்தை அவ்வளவாகக் குறைக்காவிட்டாலும் கீழ் உதிர்வை நன்றாகக் கட்டுப்படுத்தும். உங்கள் வீட்டில் உதிர்ந்தது, நீங்கள் எழுதியபடி பார்த்தால், பூச்சு மட்டுமே; அது தளத்தோடு சரியாக ஒட்டாமல் இருந்திருக்கிறது. உதிர்ந்த இடத்தில் கம்பி தெரிகிறதா, துருக்கறை இருக்கிறதா என்று ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் பழைய பூச்சைத் தட்டி எடுத்து, தளத்தைக் கொத்திவிட்டு, புதிதாகப் பூசினால் போதும். அதற்குமுன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, காய்களை முற்றவிடாமல் பறிக்க ஏற்பாடு செய்யுங்கள். போர்டிகோ தாங்கும், கீழே நிற்பவர் தலை தாங்காது.